பால்மரமும் கரிம வேதியியலும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். உங்கள் அறிவியல் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்கள். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு அப்பா எண்ணெய் ஆலை வேலைக்குப் போனார். நாங்கள் டவுனுக்குக் குடிவந்தோம். முதுகலையில் நான் கரிம வேதியியல் ஆய்வு செய்தேன். ஒரு காட்டு மரத்தின் பட்டையிலிருந்து அல்கலாய்டுகளை (செடிகளில் இருக்கும், நைட்ரஜன் கொண்ட கரிமப் பொருள்களை) பிரித்தெடுக்கிற வேலை. இப்போது இங்கேயே ஒரு டியூஷன் சென்டரில் படிவம் ஐந்துக்கும் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் மாணவர்களுக்கும் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன்.

பிஎச்டி செய்ய இடம் கிடைத்திருக்கிறது. அது என்ன படிப்பு என்று வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை. "முடிச்சிட்டு மருந்துக்கடை வைப்பியா?" என்று மாமா கேட்கிறார். சிரித்து மழுப்பிவிட்டேன். உண்மையில் என்னிடமும் நல்ல பதில் இல்லை.

இன்னொரு பக்கம் டியூஷன் பிள்ளைகள். மூன்றாம் தவணையில் ஆர்கானிக், அதாவது கரிம வேதியியல், வந்ததும் நன்றாகப் படிக்கிறவர்கள்கூடச் சோர்ந்துவிடுகிறார்கள். எதோடு எதைச் சேர்த்தால் எது வரும் என்று சின்னச் சின்ன அட்டையில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் அட்டைகள் குப்பைக்குப் போய்விடும். நானும் அப்படித்தான் படித்தேன், அதனால் அவர்களைத் திட்டவும் வாய் வரவில்லை. ஆய்வுக்குப் போனால் இவர்களை விட்டு ஓடுகிற மாதிரி இருக்கிறது. போகாவிட்டால் படித்ததெல்லாம் வீணோ என்று இருக்கிறது. ஒரு வேதியியலாளர் ஆய்வு செய்ய வேண்டுமா, பாடம் நடத்த வேண்டுமா? எது முக்கியம் என்று நினைக்கிறீர்கள்?

பெயர் போட வேண்டாம், ஊர் சின்னது.

அன்புடன்,
ஒரு வாசகி
சுங்கை சிப்புட், பேராக்

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

மாமாவை முதலில் கவனித்துவிடலாம். இருப்பதில் அவருக்குப் பதில் சொல்வதுதான் சுலபம். "மரத்துக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது, அதைச் சுத்தமாகத் தனியே எடுப்பது, எடுத்ததை வேறொன்றாக மாற்றுவது, இதுதான் மாமா என் வேலை" என்று சொல்லுங்கள். தோட்டத்தோடு பழகியவருக்கு இது புரியாமல் போகாது. பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, புகைபோட்டுக் காயவைத்ததெல்லாம் வேறென்ன? மருந்துக்கடைக்குப் பிறகு வருகிறேன், அதிலும் ஒரு கதை இருக்கிறது.

ஆய்வகத்தில் நாள் முழுக்க என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். காயவைத்து அரைத்த மரப்பட்டையைக் கரைப்பானில் ஊறவைத்தால் கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு சாறு வரும். அதில் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்து கிடக்கும். அல்கலாய்டு காரத்தன்மை உள்ளது, ஆகவே அமிலம் கலந்த நீரோடு குலுக்கினால் உப்பாக மாறி நீருக்குள் போய்விடும். பிசினும் கொழுப்பும் கரைப்பானிலேயே நின்றுவிடும். அந்த நீரைத் தனியே எடுத்து அமோனியா சேர்த்தால் அல்கலாய்டு பழையபடி கரைப்பானுக்குத் திரும்பும். அப்படி வந்ததும் ஒரே பொருள் இல்லை, பல பொருள். சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகப் பிரிக்க வேண்டும். எந்தக் குப்பியில் எது இறங்கியது என்று டிஎல்சி என்கிற, சிலிக்கா பூசிய விரலளவுத் தட்டில் தொட்டுவைத்துப் புற ஊதா விளக்கில் பார்க்க வேண்டும். கிலோக் கணக்கில் பட்டை போட்டுக் கடைசியில் கையில் நிற்பது சில மில்லிகிராம். அதை, அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்று காட்டும் என்எம்ஆர் கருவிக்குக் கொடுத்து, வருகிற கோடுகளை வைத்து எந்தக் கார்பனுக்குப் பக்கத்தில் எந்தக் கார்பன் என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும். வாரக்கணக்கில் யோசித்த பிறகு, இதை 1970களிலேயே ஒருவர் வேறு மரத்தில் கண்டுபிடித்துவிட்டார் என்று தெரிய வரும். அன்றைக்கு மட்டும் கேண்டீனில் யாரும் நம்மோடு பேச மாட்டார்கள்.

சின்னப் பொருள்களைச் சேர்த்து ஆய்வகத்திலேயே ஒரு பொருளைக் கட்டுகிறவர்கள் கதை இன்னொரு விதம். பத்துப் படிகளில் ஒரு பொருளைக் கட்ட வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொரு படியிலும் வர வேண்டியதில் 90 சதவீதம் கிடைத்தால் கெட்டிக்காரர் என்று சொல்வார்கள். அந்தக் கெட்டிக்காரருக்குக் கடைசியில் மிஞ்சுவது 35 சதவீதம். படிக்கு 80 என்றால் மிஞ்சுவது 11 சதவீதம்கூட வராது. இதைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக்காட்டுங்கள், கணக்குப் பாடம் மாதிரிச் சுவாரசியமாகக் கேட்பார்கள்.

சரி, மருந்துக்கடை. நீங்கள் மரப்பட்டையில் வேலை செய்தவர் என்பதால் இது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1987இல் சரவாக் காட்டில் பிந்தாங்கோர் வகை மரம் ஒன்றிலிருந்து இலையும் குச்சியும் எடுத்து அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அதன் சாறு எச்ஐவி கிருமி பெருகுவதைத் தடுத்தது. அதிலிருந்து பிரித்த கலனோலைட் ஏ என்ற பொருளைப் பற்றி 1992இல் எழுதினார்கள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று சரவாக்குக்குப் போய்ப் பார்த்தால் மரம் வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் நின்ற சொந்தக்கார மரங்களில் தேடினார்கள், எதிர்பார்த்தது இல்லை. அதே வகை மரம் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் நின்றுகொண்டிருந்ததால் ஆய்வு பிழைத்தது. பிறகு கரிம வேதியியலாளர்கள் அதை ஆய்வகத்திலேயே கட்டிமுடித்தார்கள். மனிதர்களிடம் ஆரம்பக் கட்டச் சோதனை வரைக்கும் போனது. மருந்துக்கடைக்கு வந்து சேரவில்லை. நம் துறையில் பெரும்பாலான கதைகள் இந்த இடத்தில்தான் நிற்கும். மாமாவிடம் இதையும் மறைக்காமல் சொல்லலாம்.

இனி பிள்ளைகள் விஷயம். எனக்கு அதிகம் பேச இருப்பது இதில்தான்.

அட்டை எழுதி மனப்பாடம் செய்வதில் தப்பு ஒன்றும் இல்லை. வாய்ப்பாடு தெரியாமல் கணக்குப் போட முடியாது. ஆல்டிஹைடு எது, கீட்டோன் எது (இரண்டிலும் கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கும்; ஆல்டிஹைடில் அது சங்கிலியின் முனையில், கீட்டோனில் நடுவில்) என்று தடுமாறுகிறவருக்கு மேலே எதுவும் ஏறாது. பிரச்சினை அட்டையில் இல்லை, அட்டையில் விடை மட்டும் இருப்பதில்தான். அந்த விடை எப்படித் தெரியவந்தது என்று ஒரு வரிகூடப் பாடநூலில் இருக்காது. ஆய்வகத்தில் நாம் இரவு பகலாகக் கேட்கிற ஒரே கேள்வி அதுதான்: "இப்படித்தான் இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்?" வகுப்பில் மட்டும் அந்தக் கேள்வியைக் கழற்றிவைத்துவிட்டு விடையை ஊட்டுகிறோம். கரிம வேதியியல் அலுப்பான பாடமாகிப்போனதற்கு நான் காண்கிற காரணம் இது.

உங்கள் படிவம் ஐந்து பாடத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இயற்கை ரப்பர் ஒரு பாலிமர் (சின்னத் துண்டுகள் கோத்த நீண்ட சங்கிலி), அதன் மோனோமர் (அந்தத் துண்டு) 2-மெத்தில்பியூட்டா-1,3-டையீன், அதாவது ஐசோப்ரீன். ஒரே வரி. பிள்ளைகள் அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கம் போவார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏறக்குறைய நூறு வருட வழக்கு இருக்கிறது, அதுவும் நம் தாத்தா பாட்டிகள் மங்கில் பிடித்த பாலைப் பற்றிய வழக்கு.

1826இல் மைக்கேல் ஃபாரடே, மின்சாரம் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த அதே ஃபாரடே, ரப்பரை எரித்து அளந்து பார்த்தார். இன்றைய கணக்கில் சொன்னால் ஐந்து கார்பனுக்கு எட்டு ஹைட்ரஜன் என்று வந்தது. 1860இல் கிரெவில் வில்லியம்ஸ் ரப்பரைக் காற்றில்லாமல் சூடாக்கிச் சிதைத்து, அதிலிருந்து வடிந்த ஒரு மெல்லிய திரவத்துக்கு ஐசோப்ரீன் என்று பெயர் வைத்தார். அதிலும் ஐந்து கார்பன், எட்டு ஹைட்ரஜன். ஆக ரப்பர் ஐசோப்ரீனால் ஆனது, அவ்வளவுதானே? இந்த இடத்தில் நிறுத்திப் பிள்ளைகளைக் கேளுங்கள்: சூடாக்கிச் சிதைத்தால் வருகிற பொருள், சிதைக்கும் முன்னே உள்ளே அப்படியே இருந்ததா? சிலர் ஆமாம் என்பார்கள். மரத்தை எரித்தால் புகை வருகிறது, மரம் புகையால் ஆனதா என்று திருப்பிக் கேளுங்கள்.

அடுத்து வந்தவர் ஜெர்மனியின் கார்ல் ஹாரிஸ். 1900களின் தொடக்கத்தில் ரப்பர் மேல் ஓசோனைச் செலுத்தினார். இரண்டு கார்பன்கள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிற இரட்டைப் பிணைப்பைப் பார்த்து ஓசோன் வெட்டும். வெட்டின இரண்டு பக்கமும் ஆக்சிஜன் வந்து உட்காரும். வெட்டி முடித்த பிறகு அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரே பொருள்: லெவுலினிக் ஆல்டிஹைடு. ஐந்து கார்பன், ஒரு முனையில் ஆல்டிஹைடு, மறுபக்கம் கீட்டோன். அதாவது எல்லாத் துண்டுக்கும் இரண்டு பக்கமும் வெட்டுக்காயம். ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்ட துண்டு, அதாவது சங்கிலியின் முனை, எங்கேயும் அகப்படவில்லை. ஹாரிஸ் நேர்மையாக யோசித்தார்: முனையே இல்லை என்றால் அது வளையமாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு ஐசோப்ரீன் சேர்ந்த எட்டுக் கார்பன் வளையம், அப்படிப் பல வளையங்கள் இரட்டைப் பிணைப்புகளின் ஈர்ப்பால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரப்பராக இருக்கின்றன என்று சொன்னார். இன்றைக்கு நமக்கு அது தவறு என்று தெரியும். ஆனால் அவர் கையில் இருந்த சான்றை மட்டும் வைத்துப் பாருங்கள், அதைவிட ஒழுங்கான முடிவு எது? உங்கள் மாணவர்களுக்கு விடையைச் சொல்லாமல் இந்தச் சான்றை மட்டும் கொடுங்கள். பாதிப் பேர் வளையம் என்று சொல்வார்கள். அவர்களைப் பாராட்டுங்கள்.

இன்னொரு ஜெர்மன் வேதியியலாளரான ஹெர்மன் ஸ்டாடிங்கர் ஒத்துக்கொள்ளவில்லை. இது சாதாரணப் பிணைப்பால் கோத்த நீண்ட சங்கிலி, ஆயிரக்கணக்கான துண்டுக்கு இரண்டே இரண்டு முனைதான் இருக்கும், அது உங்கள் சோதனையில் கண்ணுக்கே தெரியாது என்றார். வாயால் சொன்னால் போதுமா? 1922இல் அவர் செய்த சோதனைதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்தது, ஏனென்றால் அதில் இருக்கிற வினை உங்கள் பிள்ளைகளின் அட்டையில் இருக்கிறது. ஆல்கீனோடு (கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு உள்ளது) ஹைட்ரஜன் சேர்ந்தால் ஆல்கேன் (அது இல்லாதது). ஹாரிஸ் சொல்வது சரி என்றால், சின்ன வளையங்களை ஒட்டவைத்திருப்பது இரட்டைப் பிணைப்பின் ஈர்ப்பு. ஹைட்ரஜனைச் சேர்த்து இரட்டைப் பிணைப்பை இல்லாமல் ஆக்கிவிட்டால் வளையங்கள் கழன்று, காய்ச்சி வடிக்கக்கூடிய ஒரு சாதாரண எண்ணெயாக ஓட வேண்டும். ஸ்டாடிங்கர் ரப்பருக்கு ஹைட்ரஜன் ஏற்றினார். எண்ணெயும் வரவில்லை, வடியவும் இல்லை. முன்போலவே பிசுக்கென்று, கரைத்தால் கெட்டியான கரைசலாக நின்றது. ஒட்டவைத்தது இரட்டைப் பிணைப்பு அல்ல. அது சங்கிலியேதான்.

அதற்குப் பிறகும் பெரிய பெரிய வேதியியலாளர்கள் பல வருடம் நம்பவில்லை. நோபல் பரிசு 1953இல்தான் வந்தது, அப்போது அவருக்கு வயது 72.

இதை நடத்த ஒன்றரை மணி நேரம் ஆகும். டியூஷன் சென்டர் முதலாளி முகம் சுளிக்கலாம். ஆனால் ஹைட்ரஜன் சேர்க்கை, இரட்டைப் பிணைப்பு வெட்டு, ஆல்டிஹைடு, கீட்டோன், பாலிமர் என்று தனித்தனி அட்டைகள் எல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்தில் வந்துபோய்விடுகின்றன. கெட்டிக்காரப் பிள்ளைக்கு மேலே ஒரு முடிச்சும் போட்டுவைக்கலாம்: மரம் ஐசோப்ரீனைக் கோத்து ரப்பர் செய்வதே இல்லை. அது பயன்படுத்துவது ஐசோபென்டெனைல் டைபாஸ்பேட் என்ற வேறொரு ஐந்து கார்பன் பொருள். பாடநூல் சொல்கிற மோனோமரை மரத்துக்குள் போய்த் தேடினால் கிடைக்காது.

உங்கள் ஊரிலிருந்து கோலகங்சார் ரொம்பத் தூரம் இல்லை. 1877இல் அங்கே நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் நிற்கிறது என்று காட்டுவார்கள். பிள்ளைகளை அழைத்துப்போனால் பலகையில் வரலாறு இருக்கும், வேதியியல் இருக்காது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். தோட்டம் என்றால் நம் வீடுகளில் லயத்து வாழ்க்கை, கிராணி (தோட்டக் கணக்கர்), பெரட்டு (காலை ஆளெடுப்பு), பட்ட கஷ்டம் என்று மட்டுமே பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் அந்தக் கஷ்டத்தின் நடுவே நம் ஆட்கள் தினமும் ஒரு கூழ்மத்தை, அதாவது நீரில் நுண்துகள்கள் மிதக்கிற கலவையை, கையாண்டார்கள். மழைத்தண்ணீர் விழுந்த பாலும் நேரம் கடந்த பாலும் எப்படித் திரிந்துபோகும், உறையாமல் வைக்க அமோனியா எதற்கு, ஆசிட் கூடினால் என்ன ஆகும் என்பதெல்லாம் உங்கள் அப்பாவுக்குக் கை பழகிய விஷயம். ரப்பர் துகள்களைச் சுற்றி எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன, அமிலம் அந்த மின்னூட்டத்தை அழித்ததும் சேர்ந்துகொள்கின்றன என்று நீங்கள் சொல்வது அதே விஷயத்தின் மறுபாதி. ஒரு நாள் அவரை வகுப்புக்கு வரச்சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும்.

ஷேகர் பெயரையும் சொல்லுங்கள். டான்ஸ்ரீ பி. சி. ஷேகர் 1929இல் பிறந்தவர், வேதியியலாளர். 1966இல் மலாயா ரப்பர் ஆய்வுக் கழகத்தின் முதல் ஆசிய இயக்குநர் ஆனவர். ரப்பர் மூட்டை கிடங்கிலும் கப்பலிலும் கிடக்கக் கிடக்க இறுகிப்போகும்; வாங்கினவர் தொழிற்சாலையில் அதைப் பிசைந்து இளக்கவே ஏகப்பட்ட மின்சாரம் செலவாகும். ரப்பர் சங்கிலியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிற ஆல்டிஹைடு தொகுதிகள்தான் இதற்குக் காரணம், அவை குறுக்கே பிணைந்துகொள்கின்றன என்று அவருடைய ஆய்வு காட்டியது. ஆல்டிஹைடை எது பிடித்துக்கொள்ளும்? ஹைட்ராக்சிலமைன். சேர்ந்தால் ஆக்சைம். ஹைட்ராக்சிலமைன் உப்பைக் கொஞ்சமாகச் சேர்த்ததும் இறுகுவது நின்றது. மலேசியா விற்கிற, நாளானாலும் இறுகாத, அதாவது பிசுக்குமை மாறாத ரப்பர் வகை இப்படி வந்ததுதான். உங்கள் மாணவர்கள் ஆல்டிஹைடிலும் கீட்டோனிலும் பொதுவாக இருக்கிற கார்போனைல் தொகுதியைக் கண்டுபிடிக்க 2,4-டைநைட்ரோபீனைல்ஹைட்ரசீன் ஊற்றி ஆரஞ்சு நிற வீழ்படிவைப் பார்ப்பார்களே, அதுவும் இதே குடும்பத்து வினை. "இதெல்லாம் எதற்கு டீச்சர்?" என்று யாராவது கேட்டால் கையோடு எடுத்துக் காட்ட இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

செய்துபார்க்கவும் சில வழிகள் இருக்கின்றன. ஒரு ரப்பர் பேண்டை இழுத்து மரத்துண்டில் மாட்டி, இன்னொன்றைத் தளர்வாக விட்டு, இரண்டையும் வெளியே நிழலான இடத்தில் சில வாரம் வையுங்கள். இழுபட்டதில்தான் இழுத்த திசைக்குக் குறுக்கே வெடிப்பு வரும். காற்றில் இருக்கிற கொஞ்சநஞ்ச ஓசோன் ஹாரிஸ் செய்ததையே மெதுவாகச் செய்கிறது. பழைய மோட்டார் டயரின் பக்கவாட்டில் தெரிகிற வெடிப்பிலும் அதற்குப் பங்கு உண்டு; ஓசோனைத் தடுக்கத்தான் டயர்க்காரர்கள் தனியாக ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். அப்புறம் நம் ஊர் நாற்றம். கட்டிப்பால் (கிண்ணத்திலேயே உறைந்த ரப்பர் பால்) ஏற்றின லாரி கடந்துபோனால் மூக்கைப் பிடிக்காதவர் உண்டா? அந்த நாற்றத்துக்குப் பெரும் காரணம் பியூட்டனாயிக், பென்டனாயிக் போன்ற அமிலங்கள், பாக்டீரியா செய்த வேலை. அமிலமாக இருக்கும்வரை ஆவியாகி மூக்குக்கு வரும். சோடா உப்பு பட்டால் சோடியம் உப்பாகிவிடும், உப்பு ஆவியாகாது, நாற்றம் அடங்கும். அதே பியூட்டனாயிக் அமிலத்தை எத்தனாலோடு சேர்த்துச் சொட்டுக் கந்தக அமிலம் விட்டுச் சூடாக்கினால் எத்தில் பியூட்டனோயேட், அன்னாசி வாசனை. எஸ்டர் பாடத்தை இப்படித் தொடங்கினால் யாரும் தூங்க மாட்டார்கள். இதை வகுப்பறையில் செய்யாதீர்கள், பள்ளி ஆய்வகத்தில் புகைக்கூண்டு இருந்தால் மட்டும் செய்யுங்கள். அந்த அமிலம் சட்டையில் பட்டால் இரண்டு நாளைக்கு வீட்டில் சேர்க்க மாட்டார்கள்.

வினையில் எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டுகிற வளைந்த அம்புக்குறி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பிரிட்டிஷ் வேதியியலாளர்கள் ராபர்ட் ராபின்சனும் கெர்மாக்கும் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது, ஸ்டாடிங்கர் ரப்பருக்கு ஹைட்ரஜன் ஏற்றிய அதே 1922இல். நம் பிள்ளைகள் பெரும்பாலும் செய்கிற பிழை ஒன்றுதான்: புரோட்டான் போகிறது என்று நினைத்து அம்பைப் புரோட்டானில் தொடங்குவார்கள். அம்பு எலக்ட்ரான் இருக்கிற இடத்தில் தொடங்கி, அது போய்ச் சேர்கிற இடத்தில் முடிய வேண்டும். ஒரு மாதத்துக்கு வேறு எதையும் திருத்தாமல் இதை மட்டும் திருத்துங்கள். வினைகளில் பாதியை அவர்களே எழுதிவிடுவார்கள்.

கடைசியாக உங்கள் பெரிய கேள்வி: ஆய்வா, பாடமா? இரண்டையும் இரண்டு வேலையாகப் பிரிப்பது சம்பளப் பட்டியல் போடுகிறவர்களுக்கு வசதி. கரிம வேதியியலின் வரலாற்றில் அப்படிப் பிரிந்து இருந்ததே இல்லை. டி. ஆர். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் வகுப்பெடுத்தவர். அங்கேயே தன் மாணவர்களையும் உடன் பணிபுரிந்தவர்களையும் வைத்து 1956இல் மஞ்சள் கரிசலாங்கண்ணியிலிருந்து வெடலோலாக்டோன் என்ற பொருளைப் பிரித்து அதன் அமைப்பைச் சொன்னார். குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி ராபின்சனிடம் ஆய்வு செய்துவிட்டு வந்து, ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் டெல்லியிலும் பூ, பட்டை, மரக்கட்டை ஆகியவற்றின் நிறப்பொருள்களை மாணவர்களோடு சேர்ந்து பிரித்துக்கொண்டிருந்தார். பாடம் நடத்துவதை ஆய்வுக்கு இடைஞ்சல் என்று நினைத்திருந்தால் இவர்கள் யாரோடு வேலை செய்திருப்பார்கள்? எந்த ஆய்வகத்திலும் பிரிகுழாயை எப்படிப் பிடிப்பது, ஈதர் பக்கத்தில் எதைக் கொண்டுவரக் கூடாது, நோட்டில் வர வேண்டியதை எழுதாமல் வந்ததை எழுதுவது எப்படி என்று மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பதில்தான் நாள் பாதி போகும்.

ஆகவே நீங்கள் யாரையும் விட்டு ஓடவில்லை. அதே சமயம், "படித்தது வீணாகிவிடுமோ" என்பது பிஎச்டி செய்யப் போதுமான காரணம் இல்லை. நன்றாகப் பாடம் நடத்த அந்தப் பட்டம் அவசியமும் இல்லை. உங்கள் முதுகலை ஆய்வில் ஏதோ ஓர் அல்கலாய்டின் அமைப்பு தெரியாமல் நின்றிருக்கும், அல்லது பிரிக்க முடியாமல் விட்ட ஒரு புள்ளி தட்டில் இருந்திருக்கும். அது இன்னும் மனதை அரிக்கிறது என்றால் போங்கள். அரிக்கவில்லை, மறந்தே போய்விட்டது என்றால் மூன்று நான்கு வருடம் ரொம்ப நீளம்.

போவதாக இருந்தால் கையெழுத்துப் போடும் முன் அந்த ஆய்வகத்துக்கு ஒரு நாள் நேரில் போய்வாருங்கள். பேராசிரியர் இல்லாத நேரத்தில் அங்கிருக்கும் மாணவர்களோடு சாப்பிடப் போங்கள்; எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். என்எம்ஆர் அதே வளாகத்தில் இருக்கிறதா, வெளியே அனுப்பிக் காத்திருக்க வேண்டுமா என்று கேளுங்கள். உதவித்தொகை எத்தனை மாதத்துக்கு, யார் கொடுப்பது என்பதை எழுத்தில் வாங்குங்கள். என் நண்பர் ஒருவருக்கு அது மாதக்கணக்கில் இழுத்தடித்து, கரைப்பான் வாங்குகிற கவலையோடு வாடகைக் கவலையும் சேர்ந்துகொண்டது. மரப்பட்டை ஆய்வு தொடர்கிறது என்றால், 2017ஆம் ஆண்டு உயிரியல் வளச் சட்டத்தின்படி அனுமதி யார் பெயரில் எடுத்திருக்கிறார்கள், மரத்தின் மாதிரியைத் தாவரக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சரவாக் கதைக்குப் பிறகு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பதில்கள் திருப்தியாக இருந்தால் வாரக்கடைசி வகுப்பை மட்டும் விடாமல் வைத்துக்கொள்ள முடியுமா என்று டியூஷன் சென்டரில் பேசிப் பாருங்கள். ஈப்போ பக்கம் என்றால் முடியும், கோலாலம்பூர் என்றால் இணையத்தில்தான் நடத்த வேண்டியிருக்கும். ரப்பர் பேண்ட் சோதனையை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள், முடிவு தெரிய நாள் எடுக்கும்.

அன்புடன்.